ஐப்பசி மழையும் வீட்டுப் படிப்பும்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் மே மாதக் கடைசியில்தான் வருவார்கள். பள்ளிக் கட்டணம் கட்டுகிற நேரம், மனசு கொதித்துக்கொண்டிருக்கும். அவர்களிடம் புரட்டாசி வரை பொறுங்கள் என்றுதான் சொல்வேன். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விடுவார்கள். அந்த விடுமுறையில் வீட்டுப் படிப்பை ஒத்திகை பார்த்துவிடலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒத்து வந்தால் தொடரலாம். வராவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பள்ளிக்குப் போகட்டும், குடிமுழுகிப் போகாது.

புரட்டாசியில் தொடங்கச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. நம் மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம் வந்து போகும், அக்டோபரில் வடகிழக்குப் பருவம் பிடிக்கும். கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் அறுவடை முடிந்து, கும்பப்பூ என்கிற இரண்டாம் போகத்துக்கு வயலில் தொளி (சேறு) கலக்குகிற காலம் இது. அணைகள் நிறையும், சானல் என்கிற பாசனக் கால்வாய்களில் தண்ணீர் ஓடும், குளங்களுக்கு வெளியூர்ப் பறவைகள் வரத் தொடங்கும். பாடப் புத்தகத்தில் படமாக இருக்கிற பாதி விஷயம் வாசலுக்கு வெளியே நடந்துகொண்டிருக்கும். ஆனால் இதே மழை, கடிகாரத்தைப் பார்த்துப் போட்ட அட்டவணையை ஒரே வாரத்தில் நனைத்துப் பிய்த்துவிடும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மணியை விட்டுவிட்டு மழையை வைத்து நாளை வகுத்துக்கொள்ளப் பழகினால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும்.

முதலில் தாள் வேலை

சட்டம் பற்றிய பயம்தான் எல்லோருக்கும் முதலில் வரும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு பிரிவு இருக்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எந்தப் பிரிவும் இல்லை. வீட்டுக் கல்வி என்ற பேச்சையே அந்தச் சட்டம் எடுக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். யாரோ சொன்னதைக் கேட்டு 'முழுக்கச் சட்டப்படி சரி' என்று மார்தட்டவும் வேண்டாம், ஏதோ குற்றம் செய்வதுபோல் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம்.

பள்ளியிலிருந்து நிறுத்துவதாக முடிவு செய்தால் மாற்றுச் சான்றிதழை முறையாக வாங்குங்கள். எமிஸ் எண்ணை, அதாவது கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கிற அடையாள எண்ணை, குறித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், கடைசியாகப் படித்த வகுப்பின் மதிப்பெண் அட்டை எல்லாவற்றையும் நகலெடுத்துத் தண்ணீர் புகாத ஒரு கவரில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் ஓட்டு வீட்டு அலமாரியை நம்ப முடியாது. பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்குக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, பிள்ளை எழுதிய நோட்டுகளைக் காட்டுங்கள். அவர்கள் கையில் ஒரு படிவம் இருக்கும், அதை நிரப்பியாக வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கு மனம் மாறினால் எந்த நேரமும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்தக் கதவு திறந்திருப்பது தெரிந்தால் தாத்தா பாட்டிமாருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தேர்வுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். அதன் அடிப்படைக் கல்வியில் அ, ஆ, இ என்பதுபோல மூன்று நிலைகள், அவை முறையே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடம் எடுத்தால் போதும், தமிழிலும் எழுதலாம். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. இன்னொரு வழி, மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வும் அதன்பின் பத்தாம் வகுப்புத் தேர்வும். எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும். பிள்ளை பின்னால் மாநில அரசு வேலைக்குப் போக ஆசைப்படலாம் என்றால், எந்தச் சான்றிதழ் எதற்குச் சமம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதில் அரசாணைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு வயதுப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இந்தப் பத்தியை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

மழையை வைத்து நாளை வகுப்பது

ஐப்பசியில் நம் ஊர் மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பளிச்சென்று விடியும். பதினோரு மணி வாக்கில் மலைப்பக்கம் கறுக்கும். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது இடி கேட்கும். சாயங்காலம் வரை கொட்டும், சில நாள் இரவும் தொடரும். புயல் சின்னம் உருவாகிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, நாள் முழுக்க நசநசவென்று இருக்கும். சாதாரண நாளுக்கு இந்தக் கணக்கே போதும்.

அதனால் காலை நேரம் வெளிவேலைக்கு. ஆறரை மணி முதல் பத்துப் பத்தரை வரை விளை (மரத்தோப்பு), வயல், சானல்கரை, கோழிக்கூடு. பத்தரைக்கு மேல் கஞ்சியும் பயறும் குடித்துவிட்டுக் கணக்கு. பிள்ளைகளுக்குத் தலை தெளிவாக இருக்கிற நேரம் அது, மின்சாரமும் இருக்கும். மழை இறங்கியதும் வாசிப்பு, கதை சொல்லல், படம் வரைதல், தையல், பலகை விளையாட்டு. இணையத்தில் பார்க்க வேண்டிய பாடம் ஏதாவது இருந்தால் அதைக் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இடி இடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் நெட்டும் போகும். பாடம் பாதியில் நின்றால் பிள்ளை சிணுங்கும், அம்மாவுக்குக் கோபம் வரும், அன்றைய பொழுது போச்சு.

இப்படிப் பார்த்தால் உட்கார்ந்து எழுதுகிற நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணிக்கு மேல் போகாது. அது போதுமா என்று பயப்படாதீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒரு பிள்ளையின் நோட்டை எத்தனை நிமிடம் பார்க்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தின் எட்டு பீரியடை அப்படியே வீட்டு ஹாலுக்குள் கொண்டுவந்து, கரும்பலகை மாட்டி, மணி அடிக்கிற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளையைவிட அம்மாதான் அங்கே முதலில் களைத்துப் போகிறார்.

பாடப் புத்தகத்துக்காகப் பெரிய செலவு வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் ஊர்ப்புற நூலகம் இருந்தால் உறுப்பினராகிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் 'வீட்டுக் கல்விப் பெட்டி' விளம்பரங்களைக் கண்டால் தாண்டிப் போங்கள். அதில் இருக்கிற பிளாஸ்டிக் மணிகளுக்குப் பதிலாக மஞ்சாடிக் குருவை (விதையை) எண்ணலாம்.

மழைமானி: முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கணக்கு, அறிவியல், புவியியல், பத்திரிகை வாசிப்பு நாலும் இதற்குள் வந்துவிடும்.

வரிவரியாக மடிப்பில்லாத, பக்கம் நேராக இருக்கிற இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுங்கள். மேல்பகுதி சரியத் தொடங்குகிற இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடி இல்லாமல் தலைகீழாகத் திருப்பி அதே பாட்டிலுக்குள் புனல்போல் வையுங்கள். அடிப்பக்கம் வளைவாக இருப்பதால் அங்கே அளவு சரியாக வராது. சிறு கல்லைப் போட்டு, பக்கம் நேராகிற இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் சுழியம். அங்கிருந்து மேலே அளவுகோலை ஒட்டி மில்லிமீட்டர் குறியுங்கள். அவ்வளவுதான் மழைமானி.

வைக்கிற இடத்தில்தான் சூட்சுமம். ரப்பருக்கோ தென்னைக்கோ கீழே வைத்தால், இலையிலிருந்து சொட்டுகிறதையும் சேர்த்து அளப்பீர்கள், அல்லது இலை தடுத்ததால் குறைவாக அளப்பீர்கள். பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் நல்லது. நம் விளைகளில் அப்படி ஓர் இடம் கிடைப்பது கஷ்டம். மரமில்லாத வயல் வரப்போ மொட்டைமாடி நடுவோ பரவாயில்லை. காற்றில் சாயாமல் நாலு செங்கல் அண்டை கொடுங்கள்.

தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும். இந்திய வானிலைத் துறை ஒரு நாள் மழையை எட்டரையிலிருந்து எட்டரை வரைதான் கணக்கிடுகிறது, நாமும் அதே நேரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். குனிந்து, தண்ணீர் மட்டத்துக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அளந்ததும் கொட்டிவிட்டுச் சுழியக் கோடுவரை மறுபடி தண்ணீர் நிரப்ப வேண்டும். இதை மறக்கிற பிள்ளைக்கு மறுநாள் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும், நீங்கள் திட்ட வேண்டியதில்லை.

இனி அந்த எண்ணை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். வீடு ஆறு மீட்டர் அகலம், ஒன்பது மீட்டர் நீளம் என்றால் 54 சதுர மீட்டர். நேற்று 35 மில்லிமீட்டர் பெய்தால் கூரையில் விழுந்தது 1,890 லிட்டர். ஆயிரம் லிட்டர் டாங்க் ஏறக்குறைய இரண்டு! சரிவான ஓட்டுக் கூரைக்கு ஓட்டின் பரப்பை அளக்க வேண்டுமா, கூரை மூடியிருக்கிற தரையின் பரப்பை அளக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையானால் அரை மணி நேரம் மல்லுக்கட்டும். தரையின் பரப்புதான் சரி, ஆனால் நீங்கள் சொல்லாதீர்கள்.

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அன்றன்றைய மழையளவு ஊர் ஊராக வரும்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், சுருளகோடு, பூதப்பாண்டி, தக்கலை, இரணியல், குளச்சல், மயிலாடி, கொட்டாரம். பெரிய தாளில் மாவட்ட வரைபடம் வரைந்து, ஒவ்வோர் ஊரிலும் அன்றைய எண்ணை எழுதச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் இரண்டு இலக்கத்தில் கொட்டியிருக்கும் நாளில் கொட்டாரத்தில் தூறல்தான் போட்டிருக்கும். ஏன் என்று பிள்ளையே கேட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை காற்றை மேலே தூக்குகிறது, மேலே போன காற்று குளிர்ந்து மழையாகிறது என்று அப்போது சொன்னால் மண்டையில் ஏறும். புத்தகத்தைத் திறந்து 'மலைத்தடுப்பு மழை' என்று தொடங்கினால் கொட்டாவிதான் வரும்.

அதே பக்கத்தில் அணை நீர்மட்டமும் இருக்கும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு இரண்டும் 18 அடி, பொய்கை 42.65 அடி, மாம்பழத்துறையாறு 54.12 அடி, நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தரும் முக்கடல் 25 அடி. ஒவ்வோர் அணைக்கும் ஒரு கோடாக வரைபடத்தாளில் இழுத்துக்கொண்டே போகலாம். பேச்சிப்பாறை 40 அடியைத் தாண்டிய பிறகு உபரித் தண்ணீரை விடும் மறுகாலை எப்போது திறப்பார்கள் என்று வீட்டில் பந்தயம் நடக்கும். திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள், குழித்துறையில் தாமிரபரணி கலங்கி ஓடும். காரணமும் விளைவும் பத்திரிகையிலேயே அடுத்தடுத்த நாளில் வந்துவிடும்.

விளைக்குள் நடக்கும் பாடம்

மேற்குப் பக்கம், அதாவது குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்றால் ரப்பரை விட்டுவிடாதீர்கள். சொந்த மரம் இல்லாவிட்டாலும் பக்கத்து விளையில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். பால்வெட்டுகிற அண்ணன் நெற்றி விளக்கோடு விடியுமுன் இறங்கிவிடுவார். பிள்ளைகளை அந்த நேரத்தில் எழுப்ப வேண்டாம், பால் எடுக்கிற நேரத்துக்குப் போனால் போதும். ஏன் விடியற்காலையிலேயே வெட்டுகிறீர்கள் என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். வெயில் ஏறினால் பால் வராது என்பார். அது உண்மை. இரவில் இலை வழியாக நீர் ஆவியாவது குறைவு, மரத்துக்குள் அழுத்தம் கூடி இருக்கும், அதனால் வெட்டியதும் பால் நன்றாக ஓடும். மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருப்பதையும் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பால் பிடிக்கிற சிரட்டைக்குள் வடிந்து பால் வீணாகும், வெட்டுப்பட்டையும் அழுகும்.

பாலை உறைய வைத்துத் தகடாக ஷீட் அடிக்கிற இடத்தில் நல்ல கணக்கு இருக்கிறது. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். இன்று பதினைந்து லிட்டர் பால் என்றால் காய்ந்த பிறகு எத்தனை கிலோ ஷீட் வரும்? முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மழை நாளில் எடுத்த பாலில் கணக்கு ஏன் தப்புகிறது என்பதும் அப்படியே பிடிபடும். ஒரு ஷீட்டில் அடையாளம் போட்டு, அடித்த அன்றும், புகைபோட்டுக் காய வைக்கிற புகைப்புரைக்குள் போன பிறகு ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்த்தால், எடை முதலில் மடமடவென்று குறைந்து பிறகு மெதுவாகக் குறைந்து ஓரிடத்தில் நின்றுவிடும். நாளிதழில் ரப்பரின் கோட்டயம் சந்தை விலையைப் பார்த்துப் பெருக்கினால் அந்த அண்ணனுக்கும் முதலாளிக்கும் என்ன கிடைக்கும் என்று தெரியும். அந்தக் கணக்கைப் போட்ட நாளில் எங்கள் மூத்தவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆசிட் ஊற்றுகிற வேலையை மட்டும் பெரியவர்களே செய்யட்டும். உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளை இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் போதும்.

கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்கு ரப்பருக்குப் பதில் வயல். கும்பப்பூ நடவை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்க்க வையுங்கள். எந்த நெல், திருப்பதிசாரம் 3-ஆ, பொன்மணியா, எத்தனை நாள் பயிர், எந்தச் சானல் தண்ணீர் என்று கேட்டு எழுதட்டும். வயல்காரர் ஓய்வாக வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது கேட்க வேண்டும், நடவு ஆள் நிற்கும்போது அல்ல.

அடுக்களையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கை வேக வைத்து அந்தத் தண்ணீரை ஏன் ஊற்றிவிடுகிறோம் என்பது நல்ல வேதியியல் பாடம். கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது, வெட்டி, ஊற வைத்து, திறந்த பாத்திரத்தில் வேக வைத்து, நீரை வடித்தால் பெரும்பகுதி போய்விடும். பாடம் முடிந்ததும் காந்தாரி மிளகுச் சம்மந்தியோடு சாப்பிட்டுவிடலாம். வேறு எந்தப் பாடத்துக்கும் இந்த வசதி கிடையாது.

வெளியே போகிற நாட்கள்

வாரத்துக்கு ஒரு காலை ஒதுக்கினால் தாராளம். வானிலை அறிவிப்பில் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பேசாமல் வீட்டில் இருங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலம் முதல் பயணத்துக்கு நல்ல இடம். பறளியாற்றுக்கு மேலே நூறடிக்கும் கூடுதலான உயரத்தில், 28 தூண்கள்மீது ஒரு சானல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. 1960-களில் கட்டியது. தண்ணீர் மேட்டில் ஏறாது, பிறகு எப்படி அந்தப் பக்கம் போகிறது என்ற ஒரே கேள்வியோடு அழைத்துப் போங்கள். மேலே ஒரு பக்கம் தொட்டி, பக்கத்தில் நடைபாதை. தொட்டியில் ஓர் இலையைப் போட்டு, பத்து மீட்டர் போக எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணினால் வேகம் கிடைக்கும். தொட்டியின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் தோராயமாகப் பெருக்கிக்கொண்டால் விநாடிக்கு எத்தனை லிட்டர் என்பதும் கிடைத்துவிடும். பெருமழைக்கு மறுநாள் போக வேண்டாம், நடைபாதை வழுக்கும், காற்றும் தள்ளும்.

பத்மநாபபுரம் அரண்மனையை மழை தூறுகிற நாளில் பார்ப்பதுதான் சரி. ஓட்டுக் கூரையின் சரிவும், நடுமுற்றத்தில் தண்ணீர் இறங்கிப் போகும் வழியும் அப்போதுதான் கண்ணில் படும். திங்கட்கிழமை விடுமுறை. நம் மாவட்டத்துக்குள் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசிடம்தான். ஏன் அப்படி என்று பிள்ளை கேட்டால், குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்குப் போக வேண்டியிருக்கும், திருவிதாங்கூர், அந்த இணைப்புக்குப் போராடிய மார்ஷல் நேசமணி, மொழிவாரி மாநிலம் என்று அது நீளும். நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் போக முடிந்தால் இன்னும் விசேஷம். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவார்கள். இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்கிற ஊர்வலம் அது. கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. அரண்மனையும் கோட்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று தோன்றும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

பறவைக்கு அவசரப்பட வேண்டாம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியிலேயே வரத் தொடங்கினாலும், கார்த்திகைக்குப் பிறகுதான் கூட்டம் சேரும். இப்போது போனால் கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, சங்குவளை நாரை இவற்றை அடையாளம் பழகிக்கொள்ளலாம். மார்கழியில் ஊசிவால் வாத்து வரும்போது புதியவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று பிரித்துப் பார்க்க அது உதவும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் குளக்கரையில் இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கிற நிறச் சட்டை வேண்டாம்.

ஊரோடு ஒட்டியிருப்பது

"ஏம்மா, பிள்ளையள வீட்டுலயே வச்சிருக்கியே, சொகமில்லியா?" என்று தொடங்குவார்கள். பேருந்து நிறுத்தத்தில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் எல்லா இடத்திலும் கேட்பார்கள். நீளமாக விளக்கினால் விவாதமாகும். "வீட்டுல வச்சுப் படிப்பிக்கோம் சித்தி, பரீட்சை வெளியில எழுதுவா" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தால் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுவார்கள். பிள்ளையிடமே நேராகக் கேட்பவர்களும் உண்டு, "மக்களே, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பாப்போம்" என்று. சொல்லத் தெரிந்தால் சொல்லட்டும், இல்லாவிட்டால் "மழையளவு சொல்லட்டா பாட்டி" என்று கேட்கட்டும்.

கூட்டாளி இல்லாமல் வளர்வார்களே என்ற கவலை நியாயமானது, அதை லேசாக எடுக்காதீர்கள். பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் விளையாடுகிற நேரத்தில் உங்கள் பிள்ளையும் மைதானத்தில் இருக்க வேண்டும். ஐப்பசியில் சாயங்காலம் மழையாக இருப்பதால் அது தடைபடும். அதற்குப் பதில் சனி, ஞாயிறு காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மழைமானியைப் பார்க்க வந்தவர்கள் கேரம் விளையாடிவிட்டுப் போவார்கள். விஜயதசமியில் ஏடு தொடங்குகிற பிள்ளைகள், டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, கார்த்திகைக்குத் தெரளி இலைக் கொழுக்கட்டை அவிக்கிற வீடுகள் என்று இந்த மூன்று மாதமும் ஊர் எங்காவது கூடிக்கொண்டேதான் இருக்கும். எந்த மதம் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அழைத்துப் போங்கள். அன்றைக்கு நோட்டைத் திறக்க வேண்டாம்.

உடம்பும் மழையும்

டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வெட்டாத மரங்களில் கிடக்கும் சிரட்டையில் மழைத்தண்ணீர் தேங்கினால் அதுவே அதற்குத் தொட்டில். வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு போய்க் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்ப்பதற்கு முன் ஒன்றிரண்டைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, புழு நெளிகிறதா என்று பார்க்க வைப்பதும் படிப்புதான். காலில் வெட்டுக்காயம் இருக்கும்போது வயல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாவிட்டால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய், வயல், விளை என்று எங்கெல்லாம் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மலைப்பக்கம் அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று பையில் கிடக்கட்டும்.

ஓடுகிற சானலில் பெரியவர் துணையில்லாமல் குளிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். மேலே மலையில் பெய்த மழைக்கு, வெயில் அடிக்கிற இடத்திலும் தண்ணீர் திடீரென்று ஏறும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் சாய்ந்த வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்கள், பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் மரத்தடியில் இருக்கிற அறையில் பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள்.

நோட்டுப் புத்தகங்கள் பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டி அடுக்காமல் இரண்டு விரல் இடம் விட்டு வையுங்கள், வெயில் கண்ட நாளில் திண்ணையில் விரித்துப் போடுங்கள்.

மார்கழிக்குள் நுழையும்போது

பிள்ளை அக்டோபர்-நவம்பரில் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு எழுதுவதாக இருந்தால், தேர்வு மையம் இருக்கிற ஊரில் முந்தின இரவே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். ஆற்றுப்பாலத்தில் தண்ணீர் ஏறி பஸ் நின்றுபோன காலையில் ஹால்டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதல் ஆண்டுக்காரர்கள் ஏப்ரல் தேர்வையே எடுத்துக்கொள்வது நல்லது.

கார்த்திகை கடைசியில் மழைக் குறிப்பேட்டைக் கூட்டிப் பாருங்கள். மாத வாரியாக மொத்தம், ஒரே நாளில் அதிகம் பெய்தது, மழையே பெய்யாத நாட்கள் எத்தனை என்று பிள்ளையே ஒரு பக்கம் எழுதட்டும். அடுத்த முறை வட்டார வள மையத்திலிருந்து ஆள் வரும்போது காட்ட இதைவிட நல்ல தாள் கிடையாது.

அதன் பிறகு அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மழை விலகும், காலையில் பனி இறங்கும், வெளிவேலை சாயங்காலத்துக்கு மாறும். ரப்பர் மரங்கள் மார்கழி, தையில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மறுபடி தளிர்க்கும்போது அந்தத் தளிரில் சுரக்கிற இனிப்பைத் தேடித் தேனீ வரும், மாசி, பங்குனியில் தேன் எடுப்பார்கள். மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருக்கிறவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். இந்த மழை மாதங்களில் பூ இல்லாததால் அவர் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கப் பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துப் போய்ப் பழக்கிவிட்டால், சீசனில் பெட்டி திறக்கும்போது அவரே கூப்பிட்டுவிடுவார்.